மீதிப் பணத்தில் ஸ்பீக்கர்

சங்கரன்கோவிலிலிருந்து ஒரு வாசகர் பட்டியல் ஒன்று அனுப்பியிருக்கிறார். கவிதை, சிறுகதை அனுப்பி 'உங்கள் மேலான விமர்சனம் தேவை' என்பவர்கள் உண்டு. இவர் அனுப்பியது கம்ப்யூட்டர் பாகங்களின் பட்டியல். படம் பார்ப்பதற்கென்றே ஒரு கம்ப்யூட்டரைத் தானே அசெம்பிள் செய்து டி.வி.க்கு அடியில் வைக்கப் போகிறாராம். 'ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் முடிக்கணும். எங்கேயாவது தப்பு இருந்தா சொல்லுங்க' என்கிறார். சமீபத்தில் எனக்கு வந்த கவிதைகள் பலவற்றைவிட இதில் கற்பனை அதிகம். விமர்சிக்கலாம்.

முதலில் பட்டியல். ஐ7 பிராசஸர். 12 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு. 32 ஜி.பி. ராம். அதிவேக என்.வி.எம்.இ. டிஸ்க் ஒன்று. படங்களைச் சேர்த்து வைக்க 8 டெராபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்று (எதைக் கொண்டு நிரப்பப் போகிறார் என்று நான் கேட்கவில்லை). 4கே ப்ளூரே டிரைவ். 850 வாட் பவர் சப்ளை. கண்ணாடி வைத்து, உள்ளே கலர் கலராக விளக்கு எரியும் கேபினட். கடைசி வரி: 'ஸ்பீக்கர் - மீதிப் பணத்தில்.'

பட்டியலுக்குக் கீழே, பின்குறிப்பு மாதிரி நாலு வரி. அப்பா 32 வருஷம் பவர்லூமில் வேலை பார்த்தவர். இப்போது வீட்டில் இருக்கிறார். டி.வி.தான் துணை. 'பாட்டு கேக்கு, பேச்சுதான் வெளங்க மாட்டேங்கு' என்கிறார். படம் பார்க்கும்போது நிமிஷத்துக்கு ஒரு தடவை 'என்னல சொல்லுதான் அவன்?' என்று மகனைக் கேட்கிறார். 'அவருக்காகத்தான் சார் ஹோம் தியேட்டரே.'

இந்த நாலு வரியையும் பட்டியலையும் ஒரே ஆள் எழுதியிருக்கிறார் என்று நம்புவது கஷ்டம். பட்டியலில் உள்ள எட்டுச் சாமான்களில் ஒன்றுகூட அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லாது. பதில் சொல்லக்கூடிய ஒரே சாமான் ஒன்பதாவது. அதற்கு ஒதுக்கியிருப்பது மீதிப் பணம்.

அந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சங்கரன்கோவிலில் சாமி சங்கரநாராயணர். வலப்பாதி சிவன், இடப்பாதி விஷ்ணு. சங்கன், பத்மன் என்று இரண்டு நாக அரசர்கள் யார் பெரியவர் என்று சண்டை போட, கோமதி அம்மன் தவமிருந்து இரண்டு பேரையும் ஒரே உருவில் வரவழைத்ததாகத் தலபுராணம். அதுதான் ஆடித் தபசு. ஹோம் தியேட்டர் கம்ப்யூட்டரும் இந்த வகைதான். பாதி கம்ப்யூட்டர், பாதி தியேட்டர். நம் வாசகரின் பட்டியலில் ஒரு பாதிக்கு மட்டும் அலங்காரம், தீபாராதனை எல்லாம் நடந்திருக்கிறது.

அந்தப் பாதியையாவது ஒழுங்காகச் செய்திருக்கிறாரா என்று பார்ப்போம்.

படம் ஓட்டுவது கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலையே இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. இப்போது சிப்புக்குள்ளேயே வீடியோவைப் பிரித்துக் கொடுப்பதற்கென்று சின்னதாக ஒரு தனிப் பகுதி இருக்கிறது. இன்டெல் 2011-ல் இதைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. 2017-ல் வந்த ஏழாம் தலைமுறை பிராசஸர்களிலேயே 4கே படத்தின் ஹெச்.ஈ.வி.சி. சுருக்கத்தை 10 பிட்டில் பிரிக்கும் திறமை வந்துவிட்டது. 2023-ல் வந்த என்100 என்ற சாதாரண சிப், கணக்குப்படி 6 வாட் சாப்பிடுவது, புதிய ஏவி1 சுருக்கம் உட்பட எல்லாவற்றையும் அலட்டிக்கொள்ளாமல் ஓட்டுகிறது. ஐ7-ஐயும் 12 ஜி.பி. கார்டையும் வாங்கிப் படம் ஓட்டினால், அவற்றில் முக்கால்வாசி தூங்கிக்கொண்டிருக்கும். சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்கு நாலு கிலோ மல்லிகை கொண்டுபோக லாரி பிடிக்கிற கதை.

அதிவேக டிஸ்க்கும் அப்படியே. 4கே ப்ளூரேயின் உச்ச வேகமே வினாடிக்கு 128 மெகாபிட். எட்டால் வகுத்தால் 16 மெகாபைட். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கே வினாடிக்கு 150 மெகாபைட் கொடுக்கும். கம்ப்யூட்டர் சட்டென்று விழித்துக்கொள்ளச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. போதும். ராம் 8 ஜி.பி. போதும். மிச்சமுள்ள 24 ஜி.பி.யில் எந்தப் படமும் அழகாகத் தெரியாது.

இப்போது பட்டியலின் உச்சகட்ட நகைச்சுவை. 4கே ப்ளூரே டிரைவுக்கும் புத்தம் புது ஐ7-க்கும் ஆகாது. அந்த டிஸ்க்கை முறைப்படி கம்ப்யூட்டரில் ஓட்ட, பிராசஸருக்குள் எஸ்.ஜி.எக்ஸ். என்ற பூட்டுப் பெட்டி தேவை. இன்டெல்லின் 11-ம் தலைமுறையிலிருந்து, அதாவது 2021 வாக்கில், வீட்டு உபயோகப் பிராசஸர்களில் அதை எடுத்துவிட்டார்கள். ஆக, புதுசு வாங்கினால் ஓடாது. பழசு வாங்கினால் ஓடும். பட்டியலின் ஒன்றாம் வரியும் ஆறாம் வரியும் சங்கன், பத்மன் மாதிரி. சேர்த்துவைக்கக் கோமதி அம்மன்தான் மறுபடி தவமிருக்க வேண்டும். தமிழ்ப் படங்கள் 4கே டிஸ்க்காக வருவதே அபூர்வம் என்பது வேறு விஷயம்.

சரி, டிஸ்க் வேண்டாம், ஓ.டி.டி.யில் பார்த்துக்கொள்கிறேன் என்றால், அங்கேயும் கம்ப்யூட்டருக்கு மரியாதை குறைவு. படக் கம்பெனிகள் கம்ப்யூட்டரை நம்புவதில்லை, திருடிவிடும் என்று பயம். அதனால் டி.வி.யின் பின்னால் செருகுகிற விரல் அளவு ஸ்டிக்குக்கு முழு 4கே கொடுக்கிற சேவைகள், லட்ச ரூபாய் கம்ப்யூட்டரின் பிரௌசருக்குப் பல சமயம் ஒரு படி குறைத்தே கொடுக்கின்றன. எந்தப் பிரௌசர், எந்த கேபிள், எந்த மானிட்டர் என்று ஏகப்பட்ட நிபந்தனைகள். ஒன்று பிசகினாலும் படம் மங்கல். நீங்கள் பார்ப்பது முழுக்க முழுக்க ஓ.டி.டி.தான் என்றால் கம்ப்யூட்டர் கட்டாதீர்கள். ஸ்டிக் வாங்கிக்கொண்டு மீதியை எல்லாம் ஒன்பதாவது வரிக்குக் கொடுங்கள்.

850 வாட் பவர் சப்ளையைப் பற்றி ஒரே ஒரு கணக்கு. பெரிய கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதே சுமார் 80 வாட் எடுத்துக்கொள்ளும். தினம் நாலு மணி நேரம், 60 நாள் என்றால் 19 யூனிட். சின்னப் பெட்டிக்கு 12 வாட் வைத்துக்கொண்டால் மூன்று யூனிட்டுக்குள். ஈ.பி. பில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வருகிற நாட்டில் இது ஞாபகம் இருப்பது நல்லது. கேபினட் விளக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படத்தில் நள்ளிரவு, கதாநாயகன் பதுங்கிப் பதுங்கி வருகிறான், டி.வி.க்குக் கீழே அம்மன் கொடைக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி பச்சை, சிவப்பு, ஊதா.

இந்தப் பட்டியலை நம் வாசகர் கற்பனையில் எழுதவில்லை. எங்கேயோ பார்த்து எழுதியிருக்கிறார். அதுதான் என் விமர்சனத்தின் முக்கியப் பகுதி. இது கேம் விளையாடுகிற ஒரு பையனுக்காக, தரையில் கார்ப்பெட் போட்ட, ஏ.சி. ஓடுகிற, அண்டை வீடு அம்பதடி தள்ளி இருக்கிற ஓர் ஊரில் எழுதப்பட்ட பட்டியல். காது மந்தமான ஒரு நெசவுத் தொழிலாளி அந்தப் பட்டியலை எழுதியவரின் கனவில்கூட வரமாட்டார்.

நாம் ஏமாறுவது இது முதல் தடவை இல்லை. வி.சி.டி. காலம் ஞாபகம் இருக்கிறதா? 352-க்கு 288 புள்ளிகள், எம்பெக்-1. சத்தம் அதில் இரண்டே சானல். டிஸ்க்கில் இருப்பதே இரண்டுதான். ஆனால், வீட்டுக்கு வீடு '5.1 ஹோம் தியேட்டர்' என்று ஆறு ஸ்பீக்கர் வாங்கினோம். இரண்டு சானலை ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுத்தது அந்தப் பெட்டி. கல்யாண வீட்டில் ஆள் கூடிவிட்டால் சாம்பாரில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி. அட்டைப்பெட்டியில் '5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.' என்று போட்டிருக்கும். அந்த எழுத்துக்களுக்கு நிலையான அர்த்தம் கிடையாது. கண்சிமிட்டும் நேரத்தில் தாங்கக்கூடிய உச்சம் என்று ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு ஒரு எண் போட்டது. 'ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருப்பதுதான் தொடர்ந்து தரக்கூடிய நிஜ வாட். 5000 வாட் நிஜமாக இருந்தால், அந்த செட்டை பிளக்கில் செருகினதுமே வீட்டு ஃபியூஸ் போயிருக்கும். யாரும் கேட்கவில்லை. பெரிய எண்ணைப் பார்த்து வாங்கினோம். வாட் போய் ஜி.பி. வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி அப்பாவின் காது.

எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபலுக்கு மேல் கூடாது என்பது உலக அளவில் நிபுணர்கள் வைத்திருக்கிற கணக்கு. நம் தொழிற்சாலை விதிகள் தாராளம். 90 வரை போகலாம். பவர்லூம் ஷெட் சாதாரணமாகவே 90-ஐத் தாண்டும். சங்கரன்கோவிலிலும் சுற்றுவட்டாரத்திலும் தறிச்சத்தம் தெருவுக்கே கேட்கும். உள்ளே நிற்பவர் பக்கத்து ஆளிடம் கைஜாடையில்தான் பேசுவார். வருஷக்கணக்கில் இந்தச் சத்தத்தில் நின்றால் உள்காதின் நுண்ணிய முடிச்செல்கள் சாகின்றன. செத்தது திரும்ப முளைப்பதில்லை. அதிலும் ஒரு விசித்திரம், எல்லாச் சுருதியும் ஒரே மாதிரிப் போகாது. முதலில் போவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது 3000-லிருந்து 6000 வரை.

அங்கேதான் மெய்யெழுத்துக்கள் குடியிருக்கின்றன. உயிரெழுத்துக்களின் பலம் கீழ்ச் சுருதியில்; அ, ஆ, ஓ எல்லாம் கடைசிவரை கேட்கும். ச, ட, த, ப, க எல்லாம் மேலே. 'பட்டு', 'கட்டு', 'தட்டு' மூன்றும் அந்தக் காதுக்கு 'அட்டு'தான். பேசுகிறான் என்று தெரியும், என்ன பேசுகிறான் என்று தெரியாது. பாட்டு கேக்கு, பேச்சு வெளங்க மாட்டேங்கு. ஒரு டாக்டர் கிராப் போட்டுக் காட்டுவதை அந்தப் பெரியவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

'வால்யூமைக் கூட்டினால் ஆச்சு' என்பீர்கள். ஆகாது. இந்த மாதிரிக் காதில் மெல்லிய சத்தம் கேட்காது; ஆனால், உரத்த சத்தம் நமக்கு எவ்வளவு உறுத்துமோ அவ்வளவு உறுத்தும், சில சமயம் அதிகமாகவே. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி சுருங்கிப்போகிறது. வசனத்துக்காகக் கூட்டினால் அடுத்த நிமிஷம் வில்லனின் கார் வெடித்து அப்பா காதைப் பொத்திக்கொள்கிறார். சப்டைட்டில் போடலாமே என்றால், தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே சப்டைட்டில் கிடைப்பது இன்னமும் குறைவு. இங்கிலீஷில் போடுகிறார்கள். 32 வருஷம் தறி ஓட்டியவருக்கு அதனால் என்ன பிரயோசனம்?

தமிழ் சினிமா அடிப்படையில் காதால் பார்க்கிற சினிமா. வானொலியில் ஒலிச்சித்திரம் என்று ஒரு முழுப்படத்தின் சத்தத்தை மட்டும் போடுவார்கள். வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டோம். 'விதி' (1984) படத்தின் கதை வசன கேசட் டீக்கடைக்கு டீக்கடை ஓடியது. கோர்ட் சீனைப் படம் பார்க்காதவர்களும் ஒப்பிப்பார்கள். கோயில் கொடையில் குழாய் ஸ்பீக்கரில் 'திருவிளையாடல்' வசனம் போட்டால் நாலு தெரு தள்ளியும் ஒவ்வொரு எழுத்தும் கேட்கும். ஏன் தெரியுமா? அந்தக் கூம்புக்கு பாஸ் சுத்தமாக வராது, உச்ச சுருதியும் அவ்வளவாக வராது. பேச்சு இருக்கிற நடுப்பகுதியை மட்டும் தூக்கிக் கொடுக்கும். ஹை-ஃபை ரசிகர்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அதே வசனம் அவர்களின் ஆறு ஸ்பீக்கரில் வெளங்க மாட்டேங்கு.

அப்புறம்தான் டால்பி, டி.டி.எஸ். எல்லாம் வந்தன. 1995-ல் 'குருதிப்புனல்' டால்பியில் வந்தது. 1996-ல் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸில். 2012-ல் 'சிவாஜி' 3டி அட்மாஸில், சத்தம் தலைக்கு மேலிருந்தும் வந்தது. இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சானல்கள் எத்தனை கூடினாலும் வசனம் கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஒரு சானலில்தான் வைக்கப்படுகிறது. நடு சானல். தியேட்டரில் அந்த ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால் இருக்கும். திரையில் குட்டிக் குட்டி ஓட்டைகள் போட்டிருப்பது அதற்காகத்தான். மழை, ஹெலிகாப்டர், பின்னணி வயலின் எல்லாம் மற்ற ஸ்பீக்கர்களின் பொறுப்பு.

வீட்டில் டி.வி.யிலோ இரண்டு ஸ்பீக்கரிலோ அதே படத்தைப் போடும்போது ஐந்தையும் இரண்டாகக் கலக்க வேண்டியிருக்கிறது. நடு சானல் மூன்று டெசிபல் குறைக்கப்பட்டு இடதிலும் வலதிலும் பங்கு போடப்படுகிறது. வசனம், வயலின், ஹெலிகாப்டர் எல்லாம் ஒரே வாசலில் முண்டியடித்துக்கொண்டு வெளியே வருகின்றன. போதாக்குறைக்கு இப்போதைய டி.வி. தட்டை, ஸ்பீக்கர் கீழே தரையைப் பார்த்தோ பின்னால் சுவரைப் பார்த்தோ பாடுகிறது. நல்ல காதுக்கே சிரமம்.

இங்கேதான் கம்ப்யூட்டருக்கு நியாயம் பிறக்கிறது. நான் ஒரேயடியாக அதைத் தள்ளவில்லை. ஸ்டிக் செய்யாத ஒன்றைக் கம்ப்யூட்டர் செய்யும்: படத்தின் சத்தத்துக்குள் கை விடும். 'கோடி' என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. 2002-ல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகச் சில ஆர்வலர்கள் எழுத ஆரம்பித்தது. 2014-ல் இந்தப் பெயர் வைத்துக்கொண்டது. (மைக்ரோசாஃப்டும் 2002-ல் மீடியா சென்டர் என்று ஒன்று கொண்டுவந்து, 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது கைவிட்டுவிட்டது. சம்பளம் வாங்காமல் எழுதினவர்களுடையது இன்னும் ஓடுகிறது.) படம் ஓடும்போதே இதன் ஆடியோ மெனுவில் நடு சானலை மட்டும் சில டெசிபல் உயர்த்தலாம். உரத்த சத்தத்தை அமுக்கி, மெல்லியதைத் தூக்கலாம். நாலு சொடுக்கு. கார் வெடித்தால் வெடி மட்டும் அடங்கும், வசனம் நிமிரும். அமேசான் பிரைம் 2023-ல் டயலாக் பூஸ்ட் என்று இதே மாதிரி ஒரு வசதியைத் தன் படங்கள் சிலவற்றுக்கு மட்டும் கொண்டுவந்தது. உங்கள் கையில் இருக்கிற படத்துக்கு நீங்களே செய்துகொள்வது கோடியில்.

ஒரு எச்சரிக்கை. நம் வாசகர் 'அட்மாஸ் பாஸ்த்ரூ வேணும்' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். பாஸ்த்ரூ என்றால் கம்ப்யூட்டர் சத்தத்தைத் தொடாமல் அப்படியே ஆம்ப்ளிஃபயருக்குத் தள்ளிவிடுவது. அதைப் போட்டால் மேலே சொன்ன நாலு சொடுக்கும் வேலை செய்யாது. ஆம்ப்ளிஃபயரிலேயே நடு ஸ்பீக்கரின் அளவைக் கூட்டுகிற வசதியும் 'நைட் மோடு'ம் இருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் பாஸ்த்ரூவை அணைத்துவிடுங்கள். பெருமைக்கு அட்மாஸா, அப்பாவுக்கு வசனமா என்று முடிவு செய்ய வேண்டிய இடம் இது.

ஆக, பட்டியலைத் தலைகீழாக்கினால் போதும். நடு ஸ்பீக்கரில் ஆரம்பியுங்கள். இருக்கிற பணத்தில் நல்லதாக ஒன்று, ட்வீட்டர் அப்பாவின் காதைப் பார்க்கிற மாதிரி, டி.வி.க்கு நேர் கீழே, அலமாரிக்குள் திணிக்காமல் முன்விளிம்பில். இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர். பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் மறந்துவிடுங்கள். நம் வீடுகளில் கட்டிலோ சோஃபாவோ பின்சுவரை ஒட்டிக் கிடக்கிறது, பின்னால் ஸ்பீக்கருக்கு இடம் ஏது? சப்-வூஃபரும் அவசரமில்லை. நெசவுத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். பாஸ் சுவரைத் தாண்டி, அடுத்த வீட்டுக்காரர் மறுநாள் காலையில் வந்து விமர்சனம் எழுதிவிட்டுப் போவார். இவற்றை ஓட்ட ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர். இதுவரை பணத்தில் முக்கால்வாசி போயிருக்க வேண்டும். மீதிப் பணத்தில் கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் ஃபேன் இல்லாததாக இருக்கட்டும். சத்தம் வராது என்பது ஒரு காரணம். இன்னொன்று சங்கரன்கோவிலுக்கே உரியது, பஞ்சு. தறி இருக்கிற வீட்டில், பக்கத்தில் தறி இருந்தாலும், காற்றில் பறக்கிற பஞ்சுத்தூசி ஃபேன் வைத்த எந்தப் பெட்டிக்குள்ளும் போய் ஹீட்சிங்கில் கம்பளி பின்னிவிடும். ஆறு மாதத்தில் மூச்சுத் திணறும். என்100 மாதிரிச் சின்னச் சிப் ஃபேனே இல்லாமல் உலோகப் பெட்டியின் மேல் சூட்டை இறக்கிவிட்டுப் பேசாமல் கிடக்கும்.

கரண்டும் ஒரு பாகம்தான். 2012 மின்வெட்டுக்குப் பிறகு நம் ஊர்களில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபயரைப் போட்டால் 'கொர்ர்' என்று ஒரு முனகல் சேர்ந்துகொள்ளும். சில கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் அதில் முரண்டு பிடிக்கும். சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள். கரண்ட் இருக்கும்போதும் முனகல் வந்தால் வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியனுக்குக் கொடுக்கிற ஐந்நூறு ரூபாய், ஐயாயிரம் ரூபாய் கேபிளைவிட உருப்படியான செலவு.

கடைசியாக, எந்தப் பட்டியலிலும் வராத பாகம், அறை. மொசைக் அல்லது டைல்ஸ் தரை, வெறும் சுவர், மேலே கான்கிரீட். கை தட்டினால் 'டிண்ங்' என்று திரும்பி வருகிறதா? ஒவ்வொரு மெய்யெழுத்தும் அப்படித்தான் எதிரொலித்து அடுத்த எழுத்தின் மேல் விழுகிறது. காது மந்தமானவருக்கு இது இரண்டாவது மந்தம். இதற்கு வெளிநாட்டில் ஃபோம் பலகை விற்கிறார்கள். துணி நெய்கிற ஊரில் அது எதற்கு? தரையில் தடியாக ஒரு ஜமுக்காளம். பின்சுவரில் கனமான காட்டன் துணியை நாலைந்து மடிப்பாக, சுவரில் ஒட்டாமல் நாலு விரல் இடம் விட்டுத் தொங்கவிடுங்கள். ஒற்றைச் சேலையைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் பிரயோசனமில்லை. மடிப்பும் இடைவெளியும்தான் சத்தத்தைக் குடிக்கும். சீலிங் ஃபேனை ஒரு பாயின்ட் குறைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் முடியாதுதான். முடிந்தவரை.

எல்லாம் மாட்டி முடித்ததும் சோதனை. 'திருவிளையாடல்' தருமி சீனைப் போட்டுப் பார்க்காதீர்கள். நாகேஷ் வாயைத் திறப்பதற்கு முன்பே அப்பா வசனத்தைச் சொல்லிவிடுவார், நீங்களும் அட, கேட்கிறதே என்று ஏமாந்துபோவீர்கள். அவர் பார்க்காத புதுப்படம் ஒன்றைப் போடுங்கள். உதட்டசைவைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடாது, ஆகவே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்லுங்கள். பத்து வசனம். ஒவ்வொன்றையும் நிறுத்தி, 'என்ன சொன்னான்பா?' என்று இந்தத் தடவை நீங்கள் அவரைக் கேளுங்கள். நடு சானலை இரண்டு இரண்டு டெசிபலாக ஏற்றிக்கொண்டே போங்கள். ஏழெட்டு சரியாக வந்தால் அந்த அளவிலேயே நிறுத்திவிடலாம். எவ்வளவு ஏற்றியும் மூன்று, நாலைத் தாண்டவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம், திருநெல்வேலிக்கு பஸ் ஏறுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. ஆடியோகிராம் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள், தறியில் எத்தனை வருஷம் நின்றார் என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள். கம்ப்யூட்டருக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன்னாலேயே போய்விட்டு வந்தால் இன்னும் நல்லது.